முதலிடம் வந்தும் மேலே ஏறாத சீசன்: கோவை நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்கரை:

வணக்கமுங்க. போன ஞாயிற்றுக்கிழமை மகள் வயிற்றுப் பேரனைக் கூட்டிக்கொண்டு வ.உ.சி. பூங்கா பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது நேரு ஸ்டேடியத்துச் சுவரை ஒட்டி நடந்தோம். "இங்கதான் நம்ம ஊரு ஃபுட்பால் டீம் ஐ-லீக்குல முதலாவதா வந்துச்சு கண்ணு" என்றேன். பையனுக்குப் பதினொரு வயது. இங்கிலாந்து ஆட்டங்களை விடாமல் பார்க்கிறவன். எந்த டீம் மேல் டிவிஷனுக்கு ஏறியது, எது கீழே இறங்கியது எல்லாம் மனப்பாடம். உடனே கேட்டான்: "முதலாவது வந்தா மேல போயிருக்கணுமே அப்புச்சி. அவங்க எங்க போனாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2019 மார்ச் 9. ஐ-லீக் என்கிற அகில இந்தியக் கால்பந்து லீக்கின் கடைசி நாள். நம் டீமான சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இங்கே நமக்கு எதிரில் மினர்வா பஞ்சாப், அதற்கு முந்தைய வருடத்துச் சாம்பியன். அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரில் கேரளத்து டீம் கோகுலம். இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே மினர்வாவின் பிலாலா ஒரு கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு பாதி ஆட்டம் முடியும்வரை கேலரியில் நான் கேட்டதெல்லாம் கடலைக்காய் விற்கிற பையனின் குரல் மட்டும்தான்.

மற்றதை நீங்கள் சொல்லுங்கள். எனக்கு அன்றைய நாள் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

தைத்துப்பிரித்தவன்:

நான் திருப்பூருங்க. அன்றைக்குச் சனிக்கிழமை, எங்களுக்குச் சம்பள நாள். சம்பள நாளில் பாதியில் கிளம்புவது என்றால் எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் பனியன் தைத்துக் கொடுக்கிற பவர்டேபிள் யூனிட் ஓட்டிக்கொண்டிருந்த சமயம். பத்துப் பன்னிரண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரியே கணக்குப் பார்த்துக் கவரில் போட்டு வைத்துவிட்டேன். மதியம் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறினேன். கூட என்னிடம் ஓவர்லாக் அடிக்கிற இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அதற்கு முன்னால் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததே இல்லை.

எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அந்தப் பெனால்டி. இரண்டாம் பாதி. நம் முன்வரிசை ஆட்டக்காரர் மான்ஸி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறார். ஓடுதளம் நடுவில் இருப்பதால் கேலரியில் இருந்து பார்த்தால் ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். ஆனால் அந்த நேரம் அவர் மூச்சு விடுவதுகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. 1-1. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

கடைசி கோலையும் மான்ஸிதானே போட்டார்?

கணவாய்க்காற்று:

இல்லைங்க. பெனால்டி மட்டும்தான் மான்ஸி. அடுத்த இரண்டும் கௌரவ் போரா. கடைசி கோல் 90 நிமிடம் முடிந்து சேர்த்த நேரத்தில். 3-1.

ஒரு தடுப்பாட்டக்காரர் சாம்பியன் பட்டத்தை முடிவு செய்கிற ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். இதை யாரும் மறக்கக் கூடாது. மான்ஸி அந்த சீசனில் 21 கோல் போட்டதால் எல்லாம் அவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

நான் வாளையாறு தாண்டிக் கேரளத்தில் இருக்கிறவன், படித்தது வேலை பார்த்தது எல்லாம் கோவையில். அன்றைக்கு எங்கள் வரிசையில் பாதிப் பேர் மலையாளம் பேசினார்கள், பாதிப் பேர் தமிழ். என் சித்தி மகன் கோழிக்கோட்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்தான். போனை அணைக்கவே இல்லை, காதோடு வைத்திருந்தேன். பாதி ஆட்டத்தில் அங்கே கோல் இல்லை. அப்புறம் கோகுலம் ஒரு கோல் போட்டதும் அவன் கத்தியது எனக்குப் புரியவே இல்லை, வெறும் இரைச்சல். நான் எழுந்து நின்று "கோகுலம், கோகுலம்" என்றேன். அது அப்படியே வரிசை வரிசையாக மேலே போனது. பின்னாலேயே ஈஸ்ட் பெங்கால் இரண்டு போட்டு 2-1 என்று ஆக்கிவிட்டது. அந்தச் செய்தியை நான் யாருக்கும் சொல்லவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் ஜெயித்தால் போதும், அவர்கள் என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது.

43 புள்ளி, 42 புள்ளி. ஒரே ஒரு புள்ளி.

ஒண்டிப்புதூரான்:

எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள், நானும் அன்றைக்குக் கேலரியில் இருந்தவன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெயர் என்னங்க? சென்னை சிட்டி. கோயமுத்தூர் மைதானம், கோயமுத்தூர் கூட்டம், பெயர் மட்டும் சென்னை. "நம்ம ஊரு டீம்" என்று பேரனிடம் சொல்லும்போது பெயரையும் சொன்னீர்களா? எனக்கு அது கடைசிவரை உறுத்தியது. பனியனில் நம் ஊர்ப் பெயர் இருந்திருந்தால் இன்றைக்கு அந்த டீமைத் தேடுகிறவர்கள் இன்னும் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

வடவள்ளி வாசல்:

ஒண்டிப்புதூர் அண்ணா சொல்வது எனக்கும் புரிகிறது. ஆனால் எங்கள் அப்பா ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "சாய்ங்காலம் மேட்ச் இருக்கு, வர்றியா சாமி?" என்றுதான் கேட்பார். அவருக்கு அது மேட்ச், அவ்வளவுதான். எந்த ஊர்ப் பெயர் என்று பார்க்கவில்லை.

நானும் அப்பாவும் அந்த சீசனில் ஏழெட்டு ஆட்டம் பார்த்தோம். முதல் ஆட்டமே இந்தியன் ஆரோஸுடன், 4-1, மான்ஸி ஹாட்ரிக். அன்றைக்குத் திரும்பும்போது அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, "இந்த டீமு வேற மாதிரி இருக்குது" என்றார். அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் எட்டாவது இடத்தில் முடித்த டீம் அது. அப்பா அந்த இரண்டு சீசனும் தனியாகவே போய் வந்தவர். அதனால் அவருக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது.

நான் கால்பந்து தெரிந்தவள் இல்லை. நம் டீமின் நெஸ்டர் பந்தைத் தொட்டதும் எங்கள் அப்பா முன்னால் சாய்வார், அதைப் பார்த்துத்தான் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது கோலை நான் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். 2021-இல் அப்பா போய்விட்டார். அந்தத் துண்டு வீட்டில் இருக்கிறது.

ஒண்டிப்புதூரான்:

மன்னிச்சுக்கோ தங்கச்சி. பெயர் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

மில்சங்கு:

எனக்கு எழுபத்து நாலு வயது. பேரன்தான் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல. நொய்யல்கரை ஐயாவின் பேரன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. முதலாவது வந்தால் மேலே போக வேண்டும். நாங்கள் அப்படித்தான் போனோம்.

எழுபதுகளின் கடைசி. அப்போது நான் சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது நூல் மிஷினில் ஒரு பக்கத்தைப் பார்க்கிறவன். எங்கள் மில்லுக்கு ஒரு டீம் இருந்தது. கீழ் டிவிஷனில் பல வருடம் கிடந்தோம். பூட்ஸ் எல்லாருக்கும் கிடையாது. கோல்கீப்பர் கேன்டீன்காரர். எங்கள் டீமில் நன்றாக ஆடுகிறவன் என்றால் இடது பக்கம் ஓடுகிற ஒரு பையன், என்னோடு ஒரே வரிசையில் சைடு பார்த்தவன். அவன் பெயர் வேண்டாம், அவனும் இப்போது இல்லை.

அந்த வருடம் எப்படியோ ஜெயித்துக்கொண்டே வந்தோம். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மேல் டிவிஷன். அன்றைக்குப் பார்த்து அவனுக்கும் எனக்கும் அரை நைட் ஷிப்டு. ஆட்டம் சாயங்காலம். மேஸ்திரியிடம் கேட்டோம், லீவு இல்லை என்றுவிட்டார். அந்த வாரம் ஆள் குறைவு, அவர் மேலேயும் தப்புச் சொல்ல முடியாது.

அப்புறம் நாங்கள் நாலு பேர் பேசி, அவன் சைடைப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு சைடு பார்ப்பதே ஓட்டம்தான். அறுந்த இழையைக் கட்டிக்கொண்டே போய்க்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் சைடோடு அவனுடையதையும் சேர்த்துப் பார்த்தோம். "நீ போ, ஒரு இழை அறுந்து நிக்காம நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். மேஸ்திரி அந்தப் பக்கம் இரண்டு தடவை வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது அவனுடைய சைடை. ஒன்றுக்குப் பூஜ்யம். மேலே ஏறிவிட்டோம்.

தைத்துப்பிரித்தவன்:

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆளை அனுப்பிவிட்டு வேலையைப் பிரித்துக்கொள்வது எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் கல்யாணம், சாவு என்றால்தான். ஃபுட்பாலுக்கு நான் கேள்விப்பட்டதில்லை.

மேலே போன பிறகு எப்படி ஆடினீர்கள்?

மில்சங்கு:

அடுத்த வருடமே கீழே வந்துவிட்டோம். பெரிய டீம்கள் எங்களை நன்றாகவே அடித்தார்கள். ஒரு ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கினோம். அதற்காக மேலே போகாமல் இருந்திருக்கலாம் என்று யாரும் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெரிய டீம்களோடு எங்கள் ஆட்கள் ஒரே மைதானத்தில் நின்றார்களே.

கணவாய்க்காற்று:

பேரனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இதை ஒழுங்காக எழுதுகிறேன்.

2019-இல் ஏட்டின்படி ஐ-லீக்தான் நாட்டின் முதன்மை லீக். அதில் ஜெயித்தவருக்குத்தான் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று. ஆனால் பணம், டிவி, பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் 2014-இல் தொடங்கிய இன்னொரு லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பக்கம் போய்விட்டது. ஐ-லீக்கில் இருந்து அங்கே ஏற அப்போது ஏணி கிடையாது. பெங்களூரு எஃப்சி 2017-இல் ஐஎஸ்எல்லுக்குப் போனதே ஏலம் மாதிரி விண்ணப்பம் போட்டுத்தான், புள்ளிப் பட்டியலால் அல்ல. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒத்துக்கொண்டு ஐஎஸ்எல்லையே முதன்மை லீக் ஆக்கிவிட்டது. அதாவது நாம் ஜெயித்து ஏழு மாதத்தில், நாம் ஜெயித்த லீக் இரண்டாவது தட்டுக்கு இறங்கிவிட்டது. நாம் எங்கும் நகரவில்லை, நாம் நின்ற படி கீழே போய்விட்டது.

ஐ-லீக்கில் முதலாவது வந்தால் ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம் என்பது 2022-23 சீசனில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படி முதன்முதலில் ஏறியது யார் தெரியுங்களா? பஞ்சாப் எஃப்சி. நம்மிடம் அந்த மார்ச் 9 அன்று 3-1 தோற்ற அதே மினர்வா. கைமாறி, பெயர் மாறி, 2022-23-இல் ஜெயித்து மேலே போனது. அடுத்த வருடம் கொல்கத்தாவின் முகமதன்.

அன்றைக்கு எதிரில் நின்ற டீம் ஏறிவிட்டது. ஏணி வந்தபோது நாம் இல்லை. 2020-21 சீசனோடு சென்னை சிட்டி ஐ-லீக்கில் இருந்து போய்விட்டது.

நொய்யல்கரை:

நின்ற படி கீழே போய்விட்டது. இதை அப்படியே பையனிடம் சொல்கிறேன். அவனுக்குப் புரியும்.

பஞ்சாப் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. படித்ததும் வயிறு என்னவோ செய்தது.

காளிங்கராயன்:

ஈரோட்டில் இருந்து. நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2019-லேயே ஏற விட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஒரு டீமை நடத்துவது லேசான காரியம் இல்லை. ஐஎஸ்எல்லில் நிற்க அதைப்போலப் பல மடங்கு பணம் வேண்டும். பயிற்சி மைதானம், சின்னப் பையன்களுக்கு அகாடமி, தங்குமிடம், மருத்துவர். நம் ஸ்டேடியத்தில் ஓடுதளத்துக்கு அப்பால் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் அடித்தளம் போடாமல் ஒரு சீசனில் ஜெயித்து ஏறினால், மில்சங்கு ஐயா சொன்ன மாதிரி ஆறு கோல் வாங்கிவிட்டு இறங்க வேண்டியதுதான். நான் ஆட்டக்காரர்களைக் குறை சொல்லவில்லை. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூரில் இருந்து வந்து, இருந்ததை வைத்து என்ன செய்தார் என்பது அவர்கள் ஆடிய விதத்தைப் பார்த்தாலே தெரியும். 20 ஆட்டத்தில் 48 கோல்.

கணவாய்க்காற்று:

பணம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஆட்டத்தைப் பற்றி ஒத்துக்கொள்ள முடியாது.

அதே 2019 மார்ச்சில் பெங்களூரு எஃப்சி ஐஎஸ்எல் சாம்பியன் ஆனது. அடுத்த மாதமே, இரண்டு லீக் டீம்களும் ஆடிய சூப்பர் கப் காலிறுதியில் நாம் அவர்களை 2-1 என்று ஜெயித்தோம். ஐ-லீக் சாம்பியன், ஐஎஸ்எல் சாம்பியனை. அரையிறுதியில் கோவாவிடம் 3-0 என்று தோற்றோம், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோவாதான் கடைசியில் கோப்பையை எடுத்தது. மேலே நிற்கத் தகுதி இருந்ததா என்ற கேள்விக்கு மைதானம் பதில் சொல்லிவிட்டதுங்க.

ஒரே வித்தியாசம், ஐயாவின் மில் டீமுக்கு மேலே போய்த் தோற்கிற வாய்ப்பாவது கிடைத்தது.

காளிங்கராயன்:

காலிறுதியை நான் மறந்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். அதைவைத்துப் பார்த்தால் ஒரு சீசனாவது விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தைத்துப்பிரித்தவன்:

அதற்கப்புறம் அந்த டீமின் ஆட்டத்தை நான் நேரில் பார்க்கவில்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றுக்கு பஹ்ரைன் வரைக்கும் போனார்கள், அதுவே கடைசியாகப் பெருமையாக இருந்தது. பிறகு ஆசிய அளவிலான ஏஎஃப்சி கப், மாலத்தீவு மாசியாவோடு 2-2. அது 2020 மார்ச், அகமதாபாத்தில். அந்த மாதமே கொரோனா. எங்கள் யூனிட்டும் மூடியது, ஆட்டமும் நின்றது. என்னோடு வந்த இரண்டு பேரும் ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. ஒருவன் இன்னும் எப்போதாவது போன் செய்வான். "அண்ணே, அந்தப் பெனால்டி" என்றுதான் ஆரம்பிப்பான்.

வடவள்ளி வாசல்:

காளிங்கராயன் அண்ணா அகாடமி பற்றிச் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். அந்த டீமில் தமிழ்ப் பையன்கள் நிறைய இருந்தார்கள். எட்வின், ரொமாரியோ, அஜித்குமார், ஸ்ரீராம். அதற்கு முந்தைய சீசனில் குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ். சூசைராஜைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு வாரம் அதையே பேசினார். பெரிய ஊர் டீமில் சேர இவர்களுக்கு நம் மைதானம்தான் வாசலாக இருந்தது. டீம் ஏறவில்லை, பையன்கள் சிலர் ஏறினார்கள்.

மில்சங்கு ஐயா, ஒரு சந்தேகம். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, உள்ளே ஷிப்டில் இருந்தேன் என்றீர்கள். ஜெயித்தது எப்போது தெரிந்தது? ஷிப்டு முடிந்துதானா?

மில்சங்கு:

இல்லை அம்மணி. ஷிப்டு நடுவிலேயே தெரிந்துவிட்டது.

ஸ்பின்னிங்கில் மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைஜாடைதான். தண்ணீர் வேண்டும் என்றால் ஒன்று, மேஸ்திரி வருகிறார் என்றால் ஒன்று, பஞ்சு தீர்ந்தது என்றால் ஒன்று. ஜெயித்தால் என்ன ஜாடை என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தோற்றால் என்ன என்றும் பேசவில்லை.

இருட்டிய பிறகு அவன் வந்தான். முழங்காலெல்லாம் செம்மண், மில் சட்டையை மேலே மாட்டியிருந்தான். கதவு அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடுவில் வரிசையாக மிஷின், காற்றெல்லாம் பஞ்சு. அவன் வாய் அசைவது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. கதவுப் பக்கம் இருந்தவன் அவனைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, ஒரு விரலை மேலே காட்டினான். அடுத்தவன் அவனைப் பார்த்துக் காட்டினான். அப்படியே ஒவ்வொருவராக, இழை கட்டுகிற கையை எடுத்து ஒரு விரலை மேலே தூக்கி, திரும்ப இழைக்குப் போனார்கள். என்னிடம் வந்தபோது நானும் காட்டினேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. இருந்தாலும் காட்டினேன்.

அப்புறம் அவன் வந்து அவன் சைடில் நின்றுகொண்டான்.